நஸ்ர் பெயரில் நான் போட்ட கையெழுத்து

அன்பு மகள் ரிஹாபுக்கு, கொர்பாவிலிருந்து உன் உம்மா எழுதுவது. அல்லாஹ் உனக்கு நல்ல உடம்பையும் நல்ல தூக்கத்தையும் கொடுக்கட்டும், எனக்கு இரண்டும் ஓரளவு இருக்கிறது. மாண்ட்ரியலில் பனி விழத் தொடங்கிவிட்டது என்றாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ. இங்கே ஒலிவ் பறிப்பு ஆரம்பம், நம் எட்டு மரங்களையும் உன் மாமாவே பறித்துத் தருகிறேன் என்றார். உன் பாபாவின் சட்டைகளை அவருக்குக் கொடுத்துவிட்டேன், தோள் மட்டும் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது.

உம்மா, நீங்க வாயைத் திறந்தா உங்களைத்தான் மாட்டிவிடுவாங்க, வேலையும் போயிடும், தொழிலாளர் அலுவலகத்துப் பக்கமே போகாதீங்க என்று போனில் சொன்னாய். செவ்வாய்க்கிழமை போய்விட்டு வந்தேன். யாரோ சொல்லி நீ கேட்பதைவிட நானே எழுதிவிடுகிறேன். உன் பாபா தக்காளி அரைக்கும் இயந்திரத்தைக் கழுவ உள்ளே இறங்கியிருந்தபோது யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். கழுவுவதற்கு முன் சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும், ஜூன் மாதப் பயிற்சியில் அவருக்குச் சொல்லிக்கொடுத்தோம், இதோ அவர் கையெழுத்து, தப்பு அவருடையதுதான் என்று ஆலைக்காரர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கையெழுத்து நான் போட்டது. செத்தவர் தலையில் அந்தத் தப்பு கிடக்கும்போது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பயிற்சி நடந்தது ஆலையில் நான் வேலை பார்க்கும் சாப்பாட்டு அறையில்தான். பயிற்சி அதிகாரி ரவூஃப் திரையில் ஏதோ படம் காட்டினார், பாதிப் பேர் கடைசியில்தான் வந்தார்கள். டூனா மீன் வைத்த நாற்பத்திரண்டு ரொட்டி என் மேசையில், பக்கத்தில் தாள். ஒரு கையெழுத்துக்கு ஒரு ரொட்டி. நாங்கள் எல்லோரும் அதை ரொட்டித் தாள் என்றே சொன்னோம், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று நான் எழுத்துக் கூட்டிப் படிக்கவில்லை. உன் பாபா லாரியில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார். ஏ மப்ரூக்கா, என் ரொட்டியை எடுத்து வை, ஹரிஸா மிளகாய் விழுதை அள்ளித் தடவு, கஞ்சத்தனம் பண்ணாதே என்று வாசலிலிருந்து கத்தினார். அவருக்காக நான் போடலாமா என்று ரவூஃபிடம் கேட்டேன். சின்னம்மா முறை கொண்டாடி, போடுங்க காலா, நீங்க போட்டா என்ன அவர் போட்டா என்ன, எனக்கு நாற்பத்திரண்டு கையெழுத்து வரணும் என்றார். போட்டேன்.

தொழிலாளர் அலுவலகத்து ஆய்வாளர் நல்ல மனிதர். புருஷன் மேல உள்ள பாசத்துல சொல்றீங்கன்னு சொல்லிடுவாங்களே காலா, ஆதாரம் வேணுமே என்றார். பிறகு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து உன் பாபா பெயரை எழுதச் சொன்னார். எழுதினேன். பார்த்தவர் சிரித்துவிட்டார், உடனே மன்னிச்சுக்குங்க என்றார். உங்க வீட்டுக்காரர் என்ன கழுகா என்று கேட்டார். நஸ்ர் என்றால் வெற்றி, நடுவில் ஸாத் என்ற எழுத்து வர வேண்டுமாம். நான் ஸீன் போட்டிருக்கிறேன், அதுதான் கழுகு ஆகிவிட்டது. ஆலைக்காரர்கள் கொடுத்திருந்த ரொட்டித் தாளிலும் அதே கழுகு. எந்த மனுஷனும் தன் பெயரை இப்படி எழுத மாட்டான், இதுவே போதும் என்று இரண்டு தாளையும் சேர்த்துப் பின் குத்தினார். இருபத்தாறு வருஷமாக உன் பாபாவின் சாப்பாட்டுத் தூக்கில் நான்தான் பெயர் எழுதினேன். அவருக்கு நன்றாக எழுதப் படிக்கத் தெரியும். ஒரு நாளும் தப்பு என்று சொன்னதில்லை.

வியாழக்கிழமை ரவூஃப் வந்து, ஒரு ரொட்டிக்கு இவ்வளவு பேச்சா காலா, பொய்க் கையெழுத்துன்னு உங்க மேலேயே வழக்குப் போடலாம் தெரியுமா என்றார். ரொட்டியைத் தாளோடு சேர்த்து வெச்சது நீங்கதானே தம்பி என்றேன். இப்போது என்னைப் பாத்திரம் கழுவப் போட்டிருக்கிறார்கள். அடுத்த சீசனுக்குக் கூப்பிடுவார்களா என்று தெரியாது. பயிற்சியில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்பது முக்கியமில்லை, எத்தனை பேருக்குச் செய்ய வந்தது என்பதுதான் முக்கியம் என்று உன் வகுப்பில் சொன்னதாகச் சொன்னாயே, மனித வளம் என்றோ ஏதோ அந்தப் படிப்பு, அதை விடாமல் முடி. நாளைக்கு நீ யாருக்காவது சொல்லிக்கொடுக்கப் போனால், பூட்டை ஒவ்வொருவர் கையாலும் ஒரு தடவை போட வைத்துப் பார், தாளை அப்புறம் நீட்டு.

விபத்துக்குக் காரணம் என்ற இடத்தில் இறந்தவரின் கவனக்குறைவு என்று இருந்ததை ஆய்வாளர் என் கண் முன்னால் கோடு போட்டு அடித்தார். அங்கே இனி என்ன எழுதுவீங்க என்று கேட்டேன். விசாரிச்சுட்டுத்தான் எழுதணும் என்றார். விசாரிக்கட்டும். என் பெயர் அதில் வந்தாலும் வரட்டும். உன் பாபா பெயர் வராது.

உன் ஆயுள் நீளட்டும், நீ போகும் வழியில் நல்லவர்களே எதிரே வரட்டும். பரீட்சையை இதற்காகத் தள்ளிப்போடாதே. என்னைத் திட்ட வேண்டுமானால் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு போன் செய், அன்று எனக்கு விடுமுறை.

உன் உம்மா,
மப்ரூக்கா