இருபது பதினாறானது

12-8-1976, வியாழன்
ஃபஹாஹீல், குவைத்

எங்கள் ஆர்க்கிடெக்ட், மெக்சிகோக்காரர் ரமீரெஸ், என்னைத்தான் சந்தேகப்படுகிறார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைப்பேன்.

அவர் வடிவமைத்த பள்ளிக்கூடத்துக்கு டிராஃப்ட்ஸ்மேனான நான் வரைந்த வரைபடத்தை இன்று பிரிண்ட் எடுக்கப் போனேன். பிள்ளைகள் வெயில் படாமல் நடக்க, முற்றத்தைச் சுற்றி அகலமான கூரை போட்டிருக்கிறார். அதைத் தாங்கும் பீமுக்கு இருபது எம்.எம். கம்பி என்று நான் எழுதியிருந்தேன். அது, என் எழுத்து மாதிரியே, பதினாறாகியிருந்தது; பதினாறு அந்தக் கூரையைத் தாங்காது. பிளேடால் சுரண்டிய இடம் விரலில் தட்டுப்பட்டது.

மேனேஜர் சுந்தரத்திடம் கேட்டேன்.

"ஆர்க்கிடெக்ட்தான்பா மாத்தச் சொன்னாரு. நீ பிரிண்ட் எடு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நம்பிக்கை வரவில்லை; கம்பி மெலிந்தால் காண்ட்ராக்டருக்குத்தான் லாபம். ரமீரெஸிடமே கொண்டுபோனேன். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "யார் செய்தது?" என்றார். சுந்தரத்தின் பெயர் வாயில் வரவில்லை. "தெரியாது சார்" என்றேன். எழுந்து என் மேஜைக்கு வந்தார். தப்பான கோட்டைச் சுரண்ட நான் அங்கே வைத்திருக்கும் பிளேடையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் கையால் இருபது என்று திருத்திக் கையெழுத்திட்டு, தாளைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

கூரை தப்பித்தது என்று நினைத்துக் கிளம்பும்போது சுந்தரம் தோளில் கை போட்டார். "உன் சம்சாரத்தோட விசா பேப்பர் என் டேபிள்லதான் இருக்கு. சனிக்கிழமை பேசலாம், என்ன?"

இரண்டு வருஷத்தில் அவர் என்னைத் தொட்டதே இல்லை.

ரமீரெஸிடம் உண்மையைச் சொன்னால் என் மனைவி கமலா இங்கே வர முடியாது. சொல்லாவிட்டால், அடுத்த தாளிலும் என் எழுத்து மாதிரியே யாரோ எழுதுவார்கள்.