மூன்று பக்கச் சிபாரிசு

ஏனுங்க,

சேலத்திலிருந்து வந்ததும் சாப்பிட்டுவிடுங்கள். கொள்ளு ரசம் அடுப்பு மேலே இருக்கிறது.

நம் கோகிலாவுக்கு லாட்ஜில் வேலை கிடைத்துவிட்டது! மே மாதம் முழுக்க வரவேற்பு மேசையில். இன்று முதல் நாள், கொண்டுபோய் விடப் போகிறேன்.

"என் கடுதாசி இல்லாம எவன் வேலை தருவான்?" என்றீர்களே, அந்த மூன்று பக்கத்தையும் மேனேஜர் நேற்று எங்கள் எதிரிலேயே பொறுமையாகப் படித்தார். எஸ்டேட்டில் நீங்கள் முப்பது வருடம் கணக்கு எழுதியது, முதலாளி கைகுலுக்கியது, ஆயுத பூஜையில் உங்களுக்குப் போட்ட மாலை எல்லாம் இருந்தது. பிள்ளை பேர்தான் இல்லை.

"அப்பாவுக்கு வயசு நொம்ப ஆயிருச்சே கண்ணு, இங்க மாடி ஏறணுமே" என்றார்.

"வேலை எனக்குங்க!" என்றாள் கோகிலா.

அந்நேரம் ஒரு குடும்பம் சேர்வராயன் குகைக் கோயிலுக்கு வழி கேட்டது. இவளே முந்திக்கொண்டு வழி சொல்லி, "குகைக்குள்ள குனிஞ்சு போங்க, நிமிந்தா மண்டை இடிக்கும்ங்க" என்றாள்.

"நாளைக்கே வந்துரு சாமி" என்றுவிட்டார் மேனேஜர்.

பி.கு.: ஆறு மணிக்கு அவளைக் கூட்டிவர நீங்கள்தான் போக வேண்டும். வெள்ளைச் சட்டை தேய்த்து வைத்திருக்கிறேன். வாட்ச்மேன் யாரென்று கேட்டால் எஸ்டேட் ரைட்டர் என்று ஆரம்பிக்காதீர்கள். கோகிலா அப்பா என்றால் உடனே உள்ளே விடுவான்.