மழை பெய்யுதா என்று கேட்ட ஞாயிறு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நான் நலம், வீடும் நலம், அம்மாவின் நலத்தைப் பற்றித்தான் கடிதமே என்பதால் அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறோம். பேச்சுவார்த்தை மேசையில் இரண்டு நாட்டாருக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பவளுக்கு, வாய் நாள் முழுக்க வாடகைக்குப் போய்விடுகிறதே என்று அம்மாவுக்குக் கவலை. இங்கே எல்லோருக்கும் உங்கள் வர்த்தக ஒப்பந்தம்தான் பேச்சு, அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாததால் எல்லோராலும் பேச முடிகிறது. போன வாரம் நம் தொகுதி உறுப்பினர் கூட்டம் போட்டு, "எனக்கே இன்னும் காட்டலை, ஆனா ரொம்ப நல்ல ஒப்பந்தம்" என்றார். படிக்காமல் எப்படித் தெரியும் என்று உன் மாமா எழுந்து கேட்டதற்கு, "கெட்டதா இருந்தா இவ்வளவு பத்திரமா பூட்டி வெச்சிருப்பாங்களா?" என்றார், கைதட்டல். மாமா விடவில்லை. நாளைக்கு நம் அரசாங்கம் ஒரு மருந்தின் விலையைக் குறைத்தால், வெளிநாட்டுக் கம்பெனி நம் நீதிமன்றத்துக்கு வராமல் எங்கோ மூன்று நடுவர்கள் முன்னால் நம்மேல் வழக்குப் போடலாமாமே, "அப்ப நாங்க ஓட்டு போட்டது உங்களுக்கா, அந்த மூணு பேருக்கா?" என்றார். பதில் வருவதற்குள் தேநீர் வந்துவிட்டது, எல்லோரும் எழுந்து போனோம், நானும்தான்.

மாமா மருந்தைச் சொன்னது அம்மாவை நினைத்து. அவளுடைய சிறுநீரக மாத்திரை இங்கேயே தயாராவது. ஒப்பந்தத்தில் காப்புரிமையை நீட்டிவிட்டால் இங்கே செய்கிறவர்கள் நிறுத்த வேண்டும், பிறகு வெளிநாட்டு மாத்திரைதான், அந்த விலைக்கு அதை விழுங்குவதைவிடக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம் என்கிறார் மருந்துக் கடைக்காரர். அதனால்தான் அம்மா போன ஞாயிறு தொலைபேசியில் உன்னை ஒவ்வொன்றாகக் கேட்டாள். அரிசி விலை ஏறுமா, பால் ஏறுமா, துணி ஏறுமா என்றாள். நீ ஒவ்வொன்றுக்கும் சிரித்து, "அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா" என்றாய். என் மாத்திரை என்றாள். நீ சிரிக்கவில்லை, அங்கே மழை பெய்யுதா என்று கேட்டாய். அம்மா தொலைபேசியை வைத்துவிட்டு, "மழையைக் கேட்டுட்டா. போச்சு" என்றாள். அன்றைக்கு இங்கே மழை இல்லை.

உன்னைக் குறை சொல்லவில்லை, சத்தியம் செய்து சேர்ந்த வேலை. நீ ஒரு வார்த்தையும் விடவில்லை என்று எங்கே கூப்பிட்டாலும் வந்து சாட்சி சொல்வேன். ஆனால் நேற்று பொத்தான் தைக்க நூல் தேடியபோது, தையல் டப்பாவில் நூல்கண்டுகளுக்கு அடியில் அரை அரையாக உடைத்த மாத்திரைகள் கிடந்தன. "கிடைக்கிறப்பவே சேர்த்து வெக்கிறேங்க, அப்புறம் யாரைப் போய்க் கேட்கிறது?" என்றாள். கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை, என் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிறாள், இது நல்லா இருக்கே என்கிறாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை மழையைக் கேட்காதே. மாத்திரைக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிடு. அது உண்மையாக இருந்தால்தான் விதிமீறல், பொய்யைச் சொல்ல உனக்குத் தடை இருக்காது. அவள் நம்ப மாட்டாள். ஆனால் நீ சிரமப்பட்டுச் சொன்னதை வீணாக்க மனம் வராமல் முழு மாத்திரையைப் போட்டுக்கொள்வாள்.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். குளிரில் காதை மூடிக்கொள். நான் எழுதியது அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், ரகசியம் காப்பதில் நீ கெட்டிக்காரி.

இப்படிக்கு,
உன் அப்பா