எட்டாம் நம்பர் மலைக்கு இரண்டாவது விமர்சனம்

என் செல்லக் குமார் அண்ணே,

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், அழுவதையெல்லாம் பிறகு வைத்துக்கொள்ளலாம். நம்முடைய ‘எட்டாம் நம்பர் மலை’ கேமுக்கு இரண்டாவது விமர்சனம் வந்துவிட்டது. அதே கணினிச் சஞ்சிகை, அதே கடைசிப் பக்கம், எழுதியதும் அதே சிவபாலன் சேர்தான். ‘வாங்க வேண்டாம்’ என்று எழுதிய மனுஷன் தன் வாயாலேயே அதை வாபஸ் வாங்கிவிட்டார். கேட்டாயா, அண்ணே? ஜெயித்துவிட்டோம்!

இந்தக் கடிதத்தை உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திரும்பச் சொல்கிறேன், கோபிக்காதே. நீ ஹட்டனில் ஒரு கொம்பியூட்டர் கடையில் வேலை செய்தாய். வேலை முடிந்ததும் முதலாளி விட்டுக்கொடுத்த நேரத்தில் நீ புரோகிராம் எழுதினாய், நான் படம் வரைந்தேன். தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தி மலையில் கொழுந்து பறித்து, கூடையை நிரப்பி, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் கேம்.

கூடையில் இருபது கிலோ இருந்தால் மடுவத்துத் தராசில் பதினெட்டுதான் விழும். இலையில் இருக்கிற தண்ணிக்கும் கூடையின் எடைக்கும் என்று சொல்லிக் கணக்கப்பிள்ளை வெட்டிவிடுவார். ஏன் குறைந்தது என்று நாம் திரையில் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. யாருக்காக எழுதுவது? தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கிற நம் லயத்து ஆட்களுக்கு மழை பெய்தால் நனையும் என்று சொல்லிக்கொடுக்க வேண்டுமா? கடைக்கு வந்து விளையாடிப் பார்த்த பெண்கள் திரையில் இருந்த கணக்கப்பிள்ளையை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். நீ நாற்காலியில் புரண்டு புரண்டு சிரித்தாய்.

சீடியைக் கொழும்புக்கு அனுப்பினோம். சிவபாலன் சேர் யாழ்ப்பாணத்து மனிதர், கொழும்பில் படிப்பிக்கிறவர், மலைப்பக்கம் வந்ததே இல்லை. அவர் எழுதினார்: ‘நிறுக்கும்போது கிலோ தானாகவே குறைகிறது. படுமோசமான பிழை. மூடுபனி வந்தால் திரை முழுக்க வெள்ளை, ஒன்றும் தெரிவதில்லை. வாங்க வேண்டாம்.’

உன் முதலாளி நல்ல மனதோடுதான் சொன்னார். “புரோகிராமுல அந்த வெட்டுற வரிய மட்டும் எடுத்துருப்பா. மறுபடி அனுப்புனா நல்ல மார்க் போடுவாங்க.”

நீ மாட்டேன் என்றாய். “அத எடுத்துட்டா அது நம்ம தோட்டமே இல்லீங்க. வேற வழி பாக்குறேன்.”

அந்த வேறு வழியைப் பார்க்க மஞ்சள் காமாலை உன்னை விடவில்லை. உன் கேமைப் பற்றி நீ கடைசியாகப் படித்தது ‘வாங்க வேண்டாம்’ என்ற அந்த இரண்டு வார்த்தைதான். எனக்கு அது ஆறவே இல்லை. “புள்ள போனதவிட அதா பெருசு ஒனக்கு?” என்று அம்மா கேட்டாள். இல்லைதான். ஆனால் நீ போனதை நான் என்ன செய்ய முடியும்? இதையாவது மாற்றலாமே என்று கிளம்பினேன்.

படம் வரைய மட்டும் தெரிந்தவள் புரோகிராம் படித்தேன். உன் முதலாளியே சொல்லிக்கொடுத்தார். நீ எழுதிவைத்தது கூரைக்கடியில் சாமான் போட்டுவைக்கிற நம் வீட்டு அட்டல் மாதிரி இருந்தது, எது எங்கே கிடக்கிறது என்று உனக்கு மட்டும்தான் தெரியும். ஓர் இடத்தில் நம் வெள்ளாட்டின் பெயரைப் போட்டு வைத்திருந்தாய். எடுத்தால் கேம் நின்றுவிடுகிறது. எதற்கு அண்ணே அது? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.

வெட்டுகிற வரியை நான் எடுக்கவில்லை. நிறுத்து முடிந்ததும் ஒரு பட்டனை அழுத்தினால் அந்தப் பெண் கேள்வி கேட்பாள். தனியாகக் கேட்டால் கணக்கப்பிள்ளை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். பக்கத்து நிரைகளில் பறிக்கிறவர்களையும் கூட்டிக்கொண்டு வந்து கேட்டால் தராசு முள் மெல்ல மேலே ஏறும். இருபது கிலோவும் விழும். இதுதான் திருத்தப் பதிப்பு. கேள்வி கேட்கிற குரல் அம்மாவுடையது. மைக்கைப் பார்த்து முதலில் வெட்கப்பட்டாள். பிறகு போட்டாள் பார் ஒரு சத்தம்: “ஏங்க, எங்க கொழுந்த ஏன் வெட்டுறீங்க?” கடைக்கு வெளியே போனவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

சீடியைத் தபாலில் போட்டுவிட்டு, காசு கொடுத்துப் பேசுகிற கொமியுனிகேஷன் கடைக்குப் போய்ச் சேருக்குப் போன் போட்டேன்.

“பிள்ளை, நான் ஒருக்கா எழுதினா எழுதினதுதான். ரெண்டாந்தரம் எழுதுற வழக்கம் எங்களிட்ட இல்லை” என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “சேர், வெளிநாட்டு கேமுக்கெல்லாம் திருத்தம் வந்தா உங்க சஞ்சிகையோட வர்ற சீடியில போட்டுக் குடுக்கிறீங்க. கேம் மாறிப்போகுது. நீங்க எழுதுனது மட்டும் அப்படியே இருக்கு. இப்ப வாங்குறவங்க எத நம்புறது?”

போனில் பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, “இதைச் செய்தவர் உங்கட அண்ணர் எல்லோ? அவர் ஏன் கதைக்கேல்ல?” என்றார்.

“அவருக்கு வேலை இருக்கு, சேர்.”

வேண்டுமென்றேதான் அப்படிச் சொன்னேன். நீ இல்லை என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே சம்மதித்திருப்பார். செத்துப்போனவனுக்கு இரக்கப்பட்டுப் போடுகிற மார்க் எனக்கு வேண்டாம். உனக்கும் வேண்டாம், தெரியும்.

“சரி, பாப்பம்” என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் சஞ்சிகையைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டினேன். ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்றே போனது. போன வாரம் ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் பேப்பர் கடையில் நின்றபடி புரட்டினால் இருக்கிறது, அண்ணே! பழைய விமர்சனத்தை ஒரு பக்கம் அப்படியே போட்டு, அதற்குப் பக்கத்திலேயே புதியது:

‘கிலோ குறைவதைப் பிழை என்று எழுதினேன். அது பிழை அல்ல, அந்தப் பெண்ணுக்குத் தினமும் நடப்பதே அதுதான். தனியாகப் போய்க் கேட்டேன், தராசு அசையவில்லை. எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். முள் மேலே ஏறியபோது நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். என் பழைய தீர்ப்பைத் திரும்பப் பெறுகிறேன். வாங்குங்கள். மூடுபனி மட்டும் இன்னும் கூடுதல்தான்.’

மேலே உன் பெயர், கொட்டை எழுத்தில். அதற்கும் கீழே ஓர் அறிவிப்பு: திருத்தம் வந்த கேம்களை இனி மறுபடி விளையாடிப் பார்த்து எழுதுவார்களாம், அதற்கென்றே ஒரு பகுதியாம். வெளிநாட்டுக்காரன் செய்ததெல்லாம் இனி நம் எட்டாம் நம்பர் மலைக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்க வேண்டும்! நான் பஸ் ஸ்டாண்டில் கத்தியதில் கடலைக்காரர் பயந்துவிட்டார்.

லயத்தில் உரக்கப் படித்துக் காட்டினேன். “என் சத்தத்தப் பத்தி ஒண்ணும் எழுதலியா?” என்று அம்மாவுக்கு ஒரே குறை. ஆனால் மறுநாள் மடுவத்தில் நம் நிஜக் கணக்கப்பிள்ளை, “என்னாம்மா, கேமுல என்னையவே மெரட்டுறீங்களாமே?” என்று சிரித்துக்கொண்டே அம்மாவின் கொழுந்தை நிறுத்தாராம். அன்றைக்கு வெட்டவில்லை. அதற்கு அடுத்த நாள் வெட்டினார். அம்மா சும்மா வரவில்லை, நிரையையே கூட்டிக்கொண்டு போய்க் கேட்டிருக்கிறாள்.

சேருக்கு நன்றி சொல்லப் போன் எடுத்தபோதுதான் உன்னைப் பற்றிச் சொன்னேன். எப்போது என்று கேட்டார், சொன்னேன். பிறகு மெதுவாகச் சொன்னார்: “சொல்லாம விட்டது நல்லது, பிள்ளை. சொல்லியிருந்தா அந்த மூடுபனியைப் பற்றி நான் எழுதியிருக்க மாட்டன்.”

அப்போதுதான் அழுதேன். உன்னை உயிரோடு இருக்கிறவனாக நினைத்தே குறை சொல்லியிருக்கிறாரே, அதற்காக.

அடுத்த திருத்தத்துக்கு வேலை தொடங்கிவிட்டேன். மழை வரும், அட்டை வரும், அம்மாவுக்கு இன்னும் நாலு வசனம் வரும். ஆனால் எத்தனை திருத்தம் வந்தாலும் நீ போட்ட மூடுபனியில் ஒரு பொட்டுக்கூடக் குறைக்க மாட்டேன். இது சத்தியம். சந்தேகம் இருந்தால் சேர் நம் ஊர் ஸ்டேஷன் றொசல்லைக்கு ரயிலேறி வந்து, இறங்கின இடத்திலேயே நின்று ஏதாவது தெரிகிறதா என்று பார்க்கட்டும்.

உன் படங்களை வரைந்தவள், இப்போது உன் புரோகிராமையும் எழுதுகிறவள்,
தங்கச்சி சாந்தி