தேதி வெட்டாத கல்

மிசூரி,
1995 மார்ச் 9

அன்பு மகள் மார்லீனுக்கு அம்மா எழுதுவது. இங்கே வேளைக்குச் சாப்பிட்டு எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன், அதற்குப் பெயர் சுகம் என்றால் நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சியாட்டில் மழையில் சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா, சின்னவனுக்குக் காதுவலி விட்டதா, வெளியே போகும்போது குல்லா போட்டு அனுப்பு. உன் எர்வின் சித்தப்பாவும் நலம். அண்ணன் போன பிறகு அண்ணியைப் பார்த்துக்கொள்வது தன் கடமை என்று மூன்று வருடமாகப் பனி வாருகிறார், விறகு அடுக்குகிறார், மத்தியானம் வந்து என் கையால் பன்றிக்கறியும் புளித்த முட்டைக்கோசும் சாப்பிடுகிறார், சாலையோரப் பெட்டியிலிருந்து தபாலைக் கொண்டுவந்து உறைமேல் இருப்பதை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் கொடுக்கிறார். வழுக்கும் என்று டிசம்பரில் என் காரைத் தன் கொட்டகையில் கொண்டுபோய் விட்டார். பனியெல்லாம் உருகி ஓடிவிட்டது, சாவி இன்னும் அவர் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது. கேட்டால், எங்க போகணும்னு சொல்லுங்க அண்ணி, நான் கூட்டிட்டுப் போறேன் என்கிறார். கெட்ட மனுஷர் என்று சொல்ல வாய் வரவில்லை, அதுதான் என் கஷ்டமே. ஞாயிறு நீ போனில் பேசும்போதும் எதிரே காபியோடு உட்கார்ந்திருப்பார், அதனால்தான் நான் உன்னிடம் மழை வெயிலைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை.

பிறப்பு, இறப்பு, அடக்கம் என்று கட்டம் போட்டு நிரப்பச் சொல்லி நீ அனுப்பிய வம்சத் தாளைப் பற்றி எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதைப் பார்த்து என்னைவிட எர்வினுக்குத்தான் சந்தோஷம், அடுத்த வருடம் தேவாலயம் போடப்போகும் மலரில் நம் ப்ரூன்ஸ் குடும்பம்தான் முதல் பக்கத்தில் வரவேண்டுமாம். அதனால் புதன்தோறும் என்னை டவுன் நூலகத்தில் பத்து மணிக்கு இறக்கிவிட்டு, தீவனக் கடைக்குப் போய்ப் பன்னிரண்டு வரை ஊர்வம்பு பேசிவிட்டு வருகிறார். அந்த இரண்டு மணி நேரம் நான் எங்கே இருக்கிறேன் என்று யாரும் கேட்பதில்லை, அதற்காகவே அரசாங்கத்தின் பழைய குடிக்கணக்கெடுப்பைப் படம் பிடித்து வைத்த சுருள்களை ஒன்று விடாமல் ஓட்டிப் பார்த்தேன். போதகரிடம் ஞானஸ்நானப் புத்தகத்தையும் அடக்கப் புத்தகத்தையும் இரவல் வாங்கினேன். பழைய ஜெர்மன் எழுத்து, கோழி கிளறியதுபோல் இருக்கும், ஆனால் சின்ன வயதில் பிரம்படி வாங்கிப் படித்தது இத்தனை வருடம் கழித்துக் கைகொடுத்தது.

நம் ஆட்களின் வழக்கம் உனக்குத் தெரியும், புருஷன் செத்தால் கல்லில் பெண்டாட்டி பெயரையும் பிறந்த வருடத்தையும் சேர்த்தே வெட்டிவிடுவார்கள், கடைசித் தேதி மட்டும் பாக்கி. உன் அப்பா லோரன்ஸை அடக்கம் செய்த மாதமே எனக்கும் வெட்டியாயிற்று. கல்லறை நம் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே, நான் மூன்று வருடமாகப் பாத்திரம் கழுவும்போதெல்லாம் ஹில்டா, 1923, ஒரு சின்னக் கோடு என்று படித்துக்கொண்டே கழுவுகிறேன். எங்களுக்குப் பின்வரிசையில் உன் கொள்ளுத்தாத்தா ஹைன்ரிக் கல், அதில் பக்கத்திலேயே டொரோத்தியா, 1842, ஒரு கோடு, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. உங்க பாட்டி செத்தப்ப கல்லு வெட்டறவன் குடிச்சிட்டுக் கிடந்தான், அப்புறம் எல்லாரும் மறந்துட்டாங்க என்றுதான் எர்வினின் அப்பா சொல்லி வைத்திருக்கிறார், நாமும் நம்பினோம்.

அடக்கப் புத்தகத்தில் ஹைன்ரிக் 1896 இல் இருக்கிறார். அதற்குப் பின் நாற்பது வருடத்தை விரல் வைத்துப் பார்த்தேன், டொரோத்தியா இல்லை. முன்பக்கங்களில் அவள் பிள்ளைகள் மூன்று பேர் இருந்தார்கள், 1879 பிப்ரவரியில் தொண்டை அடைப்பான் வந்து ஒரே வாரத்தில் மூன்று வரி, மூன்றாவது வரியில் மை சிந்தியிருக்கிறது. அப்புறம் 1900 சுருளில், செயின்ட் லூயிஸில் ஒரு விடுதிச் சமையல்காரி, டொரோத்தியா ப்ரூன்ஸ், விதவை, வயது ஐம்பத்தெட்டு. அந்தப் பெயரில் ஆயிரம் பேர் இருப்பார்களே என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த வருடக் கணக்கில் பெண்களிடம் பெற்றது எத்தனை, இருப்பது எத்தனை என்று கேட்டிருக்கிறார்கள். பெற்றது எட்டு, இருப்பது ஐந்து என்று சொல்லியிருக்கிறாள். ஞானஸ்நானப் புத்தகத்திலும் எட்டுதான் மார்லீன். போன மூன்றையும் விடாமல் சேர்த்துச் சொல்லியிருக்கிறாள், அதைப் படித்து நூலகத்திலேயே அழுதுவிட்டேன். 1910 இல் டென்வரில் மூன்றாவது மகள் வீட்டில் இருக்கிறாள், அங்கேயும் எட்டு, ஐந்து. அவள் பெயரை வெட்டி வைத்துவிட்டு ஊர் காத்திருக்கிறது, அவள் திரும்பி வரவே இல்லை.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் காரிலேயே எர்வினிடம் சொல்லிவிட்டேன். பாலம் தாண்டும்வரை சாலையையே பார்த்து ஓட்டினார். பிறகு, அந்தப் பேச்சை இதோட விடுங்க அண்ணி, கல்லுல பேர் இருக்கு, அவங்க அங்கதான் இருக்காங்க என்றார். மறுநாள் வம்சத் தாளை எடுத்து, என் பெயருக்கு எதிரே அடக்கம் என்ற கட்டத்தில், லோரன்ஸுக்கு இடப்பக்கம் என்று மைப்பேனாவால் எழுதி, உங்களுக்கு ஒரு வேலை மிச்சம் என்று அன்பாகத்தான் கொடுத்தார். எங்களோடு வந்து இருந்துவிடு என்று நீ அக்டோபரில் கூப்பிட்டதற்கு, என் இடம் இங்கேதான் என்று பதில் போட்டேனே, அன்று அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் சொல்லித்தான் எழுதினேன் என்று பழி போட மாட்டேன், பெயர் வெட்டியாயிற்றே, இனி எங்கே போவது என்று நானும்தான் நம்பிவிட்டேன்.

இதை நூலகக்காரப் பெண்ணிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்கிறேன். இதற்குப் பதில் எழுதாதே, போனிலும் கேட்காதே. ஏப்ரல் ஐந்து புதன்கிழமை, பத்தேகாலுக்கு, நூலக வாசலில் காரோடு நில். புத்தகப் பைக்குள் இரண்டு உடுப்பும் உன் அப்பாவின் படமும் இருக்கும், வேறொன்றும் வேண்டாம். எர்வினுக்கு ஒரு சீட்டு எழுதிப் பெரிய முட்டைக்கோஸ் ஜாடியின் அடியில் வைத்துவிட்டு வருவேன், பாவம், முதல் இரண்டு நாள் பசியோடு இருப்பார்.

கர்த்தர் உன் வீட்டு வாசலையும் பிள்ளைகளையும் காப்பாராக. வம்சத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். என் பெயருக்கு எதிரே ஓட்டை இருக்கும், பயப்படாதே, எர்வின் எழுதியதை நான்தான் பிளேடால் சுரண்டினேன். அதை ஒட்டி வைத்து யாரும் எதையும் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்.

உன் அம்மா
ஹில்டா