கட்டன் சாயாவில் தெரிந்த வளையம்

மாப்ளே,

மகள் வீட்டில் துணி துவைக்கும் மெஷின் மேல் பால் விடாத என் கட்டன் சாயா கிளாஸை வைத்திருந்தேன். மெஷின் சுற்றத் தொடங்கியதும் சாயாவின் மேல் மெல்லிய வளையம் ஒன்று தெரிந்து மறைந்தது. மறுபடி தெரிந்தது, முன்னதைவிட ஒரு மயிரிழை பெரிதாக. "ஏ புள்ள, அதை நிறுத்து!" என்று கத்திவிட்டேன். மகள் ஓடி வந்தாள். "என்னப்பா, துணிதான சுத்துது?" என்றாள். அவளிடம் என்னவென்று சொல்ல? உன்னிடம்தான் சொல்ல முடியும்.

இதை நானேதான் எழுதுகிறேன், நம்பு. இந்த வயதில் எழுத்தறிவு வகுப்பில் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். ஒரு பக்கம் எழுதி முடிக்க ஒரு காலைப் பொழுது போய்விடுகிறது. போகட்டும். முடித்த வரியை விரலால் தடவித் தடவிப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. கேட்பதற்குத்தான் நீ இல்லை.

எழுபதுகளின் நடுவில் ஒரு கொழுந்துக் காலம். சித்திரபுரத்துக்கு மேலே நம் எஸ்டேட்டின் தேயிலைத் தொழிற்சாலை. நீ மெஷின் பழுது பார்க்கும் பிட்டர், நான் அதற்கு எண்ணெய் விடும் எண்ணெய்க்காரன். கூரைக்குக் கீழே நீளமாக ஓடிய இரும்பு ஷாப்ட்தான் அங்கே எல்லா மெஷினையும் சுற்ற வைத்தது. பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியைப் புதிதாக மாட்டிய நாளிலிருந்து அதற்கு வெறி பிடித்தது. ஒழுங்காக ஓடும். திடீரென்று இரண்டு நிமிடம் தகரக் கூரையே பிய்ந்துவிடும்போல ஆடும். தானே அடங்கிவிடும். அடுத்த ஆட்டம் எப்போது என்று யாருக்கும் தெரியாது.

நீ என் கையில் ஒரு சாக்பீஸைக் கொடுத்தாய். "கடிகாரத்துல பெரிய முள்ளு ஒரு கட்டம் நகர்ந்தா, தகரத்துல ஒரு கோடு போடு. ஆட்டம் வந்தா நிப்பாட்டிட்டு அடுத்த வரிக்குப் போ" என்றாய். நான் கோடு போட்டேன். நீ எண்ணி உன் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டாய். ஏழு கோடு. இரண்டு கோடு. பத்தொன்பது. மூன்று. "என்னலே கணக்கு இது, குடிகாரன் நடை மாதிரி?" என்று கேட்டேன். நீ சிரிக்கவில்லை.

மோட்டாரின் அடியில் இருந்த போல்ட்டைக் கால் திருகு திருகினாய். அமைதி கொஞ்சம் நீண்டது. இன்னொரு கால் திருகு. இன்னும் நீண்டது. மூன்றாம் நாள் காலையிலிருந்து ஷாப்ட் ஆடவே இல்லை. தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினார். எல்லோரும் மெஷினைத் தொட்டுக் கும்பிட்டோம். நீ மட்டும் மோட்டார் மேடையில் உன் சாயா கிளாஸை வைத்து அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

மேலே ஷாப்டைத் தாங்கும் பேரிங் காய்ந்து புகை வாடை வந்தது. எண்ணெய் விட்டே ஆக வேண்டும். நிறுத்தினால் மாடியில் குவிந்திருந்த கொழுந்து கெட்டுவிடும். "ஏறு, ஏறு! இப்பதான் சாந்தமா ஓடுது" என்றார் டீமேக்கர். எண்ணெய்க் குப்பியோடு ஏணியில் கால் வைத்தேன். நான்காவது படியில் உன் கை என் கணுக்காலைப் பிடித்தது.

"இறங்குலே."

"விடு மாப்ளே, பேரிங் எரியுது."

"கிளாஸைப் பாரு. ஒவ்வொரு வளையமும் முன்ன வந்ததைவிட ஒரு பொட்டு பெருசா வருது. இது அமைதி இல்லலே."

டீமேக்கருக்குக் கோபம் வந்தது. "எந்தா பிட்டரே, சாயாவில ஜோசியமா? காலையிலேர்ந்து ஆடலையே!"

"அதான் சார் பயமா இருக்கு" என்றாய்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கம். பயந்தவன் என்று பேர் வருமே என்ற எரிச்சல். காலை உதறினேன். நீ இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாய். உன் கன்னம் என் முழங்காலில் அழுந்தியிருந்தது. இன்னொரு படி ஏறப் பார்த்தேன், முடியவில்லை. கீழே கிளாஸ் கிணுகிணுத்தது. அந்தச் சத்தம் கேட்டதும் ஏணியைப் பிடித்திருந்த கையை விட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து தரையில் விழுந்தோம். ஷாப்ட் அலறியது. கழன்ற பெல்ட் ஏணியின் மேல்படிகளைச் சீவிக்கொண்டு போனது, நான் ஏறியிருந்தால் என் தலை இருந்திருக்கும் இடத்தில்.

டீமேக்கரே ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார். பிறகு யாரும் கொழுந்தைப் பற்றிப் பேசவில்லை. நின்ற மோட்டாரில் நீ இன்னும் அரைத் திருகு திருகினாய். அதன் பிறகு அந்த ஷாப்ட் ஆடவில்லை. கிளாஸில் வளையம் இருந்தது, ஆனால் வளரவில்லை. மூன்று நாள் பார்த்துவிட்டுத்தான் என்னை ஏணியில் ஏறவிட்டாய். "ஆட்டம் நீண்ட நேரம் வரலைன்னா சரியாப் போச்சுன்னு அர்த்தமில்ல. விளிம்புல வந்து நிக்குதுன்னும் இருக்கலாம்" என்றாய்.

இதையெல்லாம் கண்ணால் பார்த்தவன் நான். நாலு வருஷம் கழித்து உனக்கு நெஞ்சு வலி வந்தது. வரும், போகும். அந்த வருஷத்துக் கொழுந்துக் காலத்தில் ஒரு நாள் நீ சிரித்துக்கொண்டே, "இப்ப வலி சுத்தமா இல்ல மாப்ளே" என்றாய். நான் மலைக்கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். அந்த வாரமே, வேலைக்கு ஏறும் மேட்டில் நீ உட்கார்ந்தாய். எழுந்திருக்கவில்லை. அன்று நான் உன் காலைப் பிடிக்கவில்லையே என்று எத்தனை வருஷம் குமைந்திருக்கிறேன், தெரியுமா?

உன்னைக் கட்டிய தங்கச்சி உன் கருவிப்பெட்டியை எனக்குத்தான் கொடுத்தது. அதற்குள் அந்த நோட்டு இருந்தது. அப்போது எழுத்து தெரியாத எனக்கு அதெல்லாம் ஷாப்டின் கணக்காகத்தான் பட்டது. போன மாதம் அதை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். ஏழு, இரண்டு, பத்தொன்பது, மூன்று. என் சாக்பீஸ் கோடுகள்! துள்ளிக் குதிக்காத குறை. கடைசிப் பக்கத்தின் தலைப்பை எழுத்துக் கூட்டினேன். 'நெஞ்சு' என்று இருந்தது. கீழே வலி வராத நாட்களின் கணக்கு. மூன்று. பதினொன்று. நான்கு. இருபத்தாறு. நாற்பது. அதற்கும் கீழே உன் கையெழுத்தில்:

"வளையம் தெரியுது. மாப்ளேகிட்டச் சொன்னா காலப் புடிச்சு ஆஸ்பத்திரிக்கு இழுப்பான். கொழுந்து முடியட்டும்."

அன்று மெஷினை நிறுத்த விடாத அதே கொழுந்து. உன்மேல் வந்த கோபத்தில் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகு பென்சிலைச் சீவி, உன் வரிக்குக் கீழே, மெதுவாக, எழுத்து கோணாமல் எழுதினேன். அந்த நோட்டு இப்போது என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. உனக்கு நான் எழுதிய முதல் வரி அது:

"இழுத்திருப்பேன்லே."