மதகடியில் வேன் நிற்கும்

அன்புள்ள அம்மாவுக்கு நீலாம்பாள் வணக்கத்துடன் எழுதுவது. உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், இதை அப்பாவைத் தவிர யாருக்கும் காட்டாதீங்க. உங்கள் இருமல் நின்றதா? எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன்.

இன்று விடுதியின் பழைய பிக்கப் வேன் கிளம்பவில்லை. டிரைவர் சிங்கராயர் அண்ணன் சாவியைத் திருப்பினால் டக்கென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தது. அப்பா பண்ணை டிராக்டருக்குச் செய்தது போல வெந்நீர் ஊற்றிச் சுரண்டி முடுக்கினேன். வேன் கிளம்பிவிட்டது.

"யாருடி கத்துக்குடுத்தா?" என்றார் விடுதி சிஸ்டர். சர்க்கார் சொன்ன கூலியைக் கேட்டதற்காகப் பண்ணையார் வேலையை விட்டு விரட்டிய சாமிதுரையின் மகள் என்று தெரிந்தால், அந்தப் பண்ணையாரின் நன்கொடையில் நடக்கும் விடுதியில் என்னை வைத்திருப்பார்களா?

"நான்தான் சிஸ்டர்" என்றார் அண்ணன். பிறகு என்னிடம் மெதுவாக, "எனக்கு உங்கப்பன் சொல்லிக்குடுத்தது" என்றார்.

திங்கட்கிழமை பரீட்சைக்கு அதே வேனில் குத்தாலம் போகிறோம். நம்மூர் மதகடிக்கு வந்ததும் வேன் மக்கர் பண்ணும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். பழுது பார்க்க அப்பா வரட்டும். சங்கத்துச் சிவப்புத் துண்டு வேண்டாம், சிஸ்டருக்கு அடையாளம் தெரிந்துவிடும். கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாயும் அவரிடம் கொடுத்தனுப்புங்க. நீங்களும் குடத்தோடு தண்ணீர் எடுக்க வருவது போல

யாரோ கதவைத் தட்டுகிறார்கள்